காற்றுப் புலமும் கார்த்திகை மழையும்

திருவண்ணாமலைக்கு வடபால், வேலூர் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இவ்வூர்ப் பகுதியிலேயே உளது. ஊருக்கு வளம் தருவது அதன் ஏரி. அவ்வேரியின் கரைமேல் நின்று தென்மேற்கே நோக்குவார்க்கு 2,668 அடி உயரமுடைய அண்ணாமலை முழுமையாகக் காட்சி தரும். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் கீழ்த்திசைக் கடலினின்று எழும் முகிற்கூட்டம் ஏரிநீரின்மேல் நிழல் படரச் சென்று, மலைமுடியை மூடி நிற்கும். மழை வருமா, வந்தால் எவ்வளவு பெய்யும் என்பதை ஊர்ப் பெரியோர் மலைமுடியைப் பார்த்தே சொல்ல முயல்வர்.

ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் ‘கால்’ என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். அஃது உடலின் உறுப்பைக் குறிக்கும். நீர் செல்லும் வாய்க்காலைக் குறிக்கும். நான்கில் ஒரு பங்கையும் குறிக்கும். பழந்தமிழில் காற்றுக்கும் அதுவே பெயர். ஏரியையுடைய ஊராதலின் வாய்க்கால் என்னும் பொருளே இங்குப் பொருந்தும் போலும். ஆயினும், காற்றை ஆராயப் புகுவார்க்கு இப்பெயர் நல்லதொரு நினைவூட்டு.

தமிழர் காற்றைத் திசையால் பகுத்துப் பெயரிட்டனர். வடக்கினின்று வருவது வாடை. தெற்கினின்று வருவது தென்றல். கிழக்கினின்று வருவது கொண்டல். மேற்கினின்று வருவது கோடை. காற்று இயங்கும் திசையை அளந்தறிந்தார் போலச் சொல்ல வல்லாரும் உளர் என்னும் குறிப்பு, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்றுப் பாட்டில் காணப்படுகின்றது. கடலோடிய மக்களுக்கு அவ்வறிவு உயிர்காக்கும் அறிவு. ஆனால், ஓரிடத்தில் நின்று ‘இன்று வாடை வீசுகின்றது’ என்று அறிதல் வேறு. அதே வேளையில் நாகையிலும் புதுவையிலும் சென்னையிலும், நடுக்கடலிலும், தலைக்கு மேல் பத்துக் கல் உயரத்திலும் காற்று எத்திசையில் எவ்வேகத்தில் இயங்குகின்றது என்பதை ஒருங்கே அறிதல் வேறு. இங்ஙனம் ஒரு பெரும் பரப்பின் ஒவ்வோர் இடத்திலும் ஒரு நேரத்தில் நிலவும் காற்றுகளின் தொகுதியைக் ‘காற்றுப் புலம்’ என்பர். வானத்தால் விளையும் இடர்களுள் பெரும்பாலன அப்புலத்தின் அமைப்பால் விளைவனவே.

திருவண்ணாமலை மக்களுக்கு இதனை விளக்க ஓர் எளிய உவமை உண்டு. முழுமதி நாளில் மலையைச் சுற்றி வருவோர் செல்லும் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. அப்பாதையில் ஓரிடத்தில் நின்று பார்ப்பவன், தன்னைக் கடந்து செல்வார் எத்துணை விரைவாக நடக்கின்றனர் என்பதை மட்டுமே அறிவான். நெரிசல் எங்கே விளையும் என்பதை அவன் அறியான். பின்னே வருவார் விரைந்தும் முன்னே செல்வார் தளர்ந்தும் நடக்கும் இடத்தில் கூட்டம் திரளும். பக்கத்துத் தெருவினின்று ஒரு திரள் வந்து கலந்தால் நெரிசல் இன்னும் மிகும். பாதை முழுவதும் நடப்பவர் ஒவ்வொருவரின் விரைவையும் திசையையும் ஒருங்கே அறிந்தவனே, இன்ன இடத்தில் இன்ன நேரத்தில் நெரிசல் உண்டாகும் என்று முன்னரே சொல்ல வல்லவன். காற்றும் அத்தகையதே. நாற்புறத்தினின்றும் வந்து கூடும் காற்று நிலத்துக்குள் புக இயலாது. ஆகவே மேலே எழும். எழுந்த காற்றுக் குளிரும், அதிலுள்ள நீராவி முகிலாகும், முகில் மழையாகும். காற்றுக் கூடுமிடம் எதுவோ அதுவே மழை மிகுமிடம்.

காற்று ஏன் இயங்குகின்றது? அழுத்தம் மிக்க இடத்தினின்று அழுத்தம் குறைந்த இடத்துக்குச் செல்லவே இயங்குகின்றது. ஆயினும், அது நேரே செல்வதில்லை. நிலவுலகம் தன்னைத்தானே சுற்றுவதால், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே காற்றுத் தன் வலப்பக்கம் சாய்கின்றது. தாழ்வு மையத்தை நோக்கி விரையும் காற்று இங்ஙனம் சாயச் சாய, மையத்தை இடமாகச் சுற்றத் தொடங்குகின்றது. இவ்வுண்மையை 1857-ஆம் ஆண்டில் பைஸ் பாலட் என்னும் டச்சு அறிஞர் ஓர் எளிய விதியாக வகுத்தார். வடபாதி உலகில் ஒருவன் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால், தாழ்வு மையம் அவனது இடப்பக்கம் இருக்கும் என்பது அவ்விதி. கார்த்திகைத் திங்களில் வேங்கிக்கால் ஏரிக்கரையில் வாடை வன்மையாக வீசும்போது அதற்கு முதுகு காட்டி நிற்பவன் தெற்கு நோக்கி நிற்பான். அவனது இடப்பக்கம் கிழக்கு. எனவே, புயல் வங்கக் கடலில் உளது என்று அவன் கொள்ளலாம். வாடை மெல்லத் திரும்பிக் கொண்டலாயின், புயல் அவனுக்குத் தெற்கே சென்றுவிட்டது; கோடையாயின், வடக்கே சென்றுவிட்டது. கருவி ஒன்றுமின்றி இவ்வளவையும் அறியலாம். தரையின் உராய்வால் காற்றுச் சிறிது உள்நோக்கித் திரும்புமாதலின், மையம் நேர் இடப்பக்கத்தினின்று சற்று முன்னே அமையும். இச்சிறு வேறுபாடே பெரிய விளைவுக்குக் காரணம். உள்நோக்கித் திரும்பும் அக்காற்றே மையத்தைச் சுற்றிக் கூடி எழுந்து பெருமழையாகின்றது.

புயலின் காற்றுப் புலத்தை முதன்முதல் வரைந்து காட்ட முயன்றோருள் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தவர். கப்பல் தலைவராக இருந்து பின்னர்க் கல்கத்தாவில் குடியேறிய ஹென்றி பிடிங்டன் என்பார், வங்கக் கடலில் புயலிற் சிக்கி மீண்ட கப்பல்களின் நாட்குறிப்பேடுகளைத் திரட்டினார். இன்ன நாள், இன்ன மணி, இன்ன இடத்தில் இன்ன திசைக் காற்று என்று மாலுமிகள் எழுதிவைத்தவற்றையெல்லாம் கடற்படத்தில் அம்புக்குறிகளாக இட்டார். தனித்தனி அம்புகள் ஒன்று சேர்ந்து வளையமாயின. பாம்பின் சுருள் என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லைத் தழுவி, ‘சைக்ளோன்’ என்னும் பெயரை அவரே படைத்தார். 1848-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலுடன், ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகள் இணைக்கப்பெற்றிருந்தன. சுழற்காற்றின் வளையங்கள் அத்தகட்டில் வரையப்பட்டிருந்தன. மாலுமி தன் கப்பல் நிற்கும் இடத்தின்மேல் தகட்டை வைத்து நகர்த்தி, தான் காணும் காற்றின் திசையும் தகட்டிலுள்ள அம்பின் திசையும் ஒத்துவரும் இடத்தைக் கண்டால், புயலின் மையம் எப்பக்கம் உளது என்பது புலனாகும். எப்பக்கம் கப்பலைத் திருப்பினால் உயிர் தப்பலாம் என்பதும் புலனாகும். ஓரிடத்துக் காற்றைக் கொண்டு காணாத இடத்துக் காற்றை உணர்த்தும் இத்தகடு, காற்றுப் புலத்தின் மாதிரிகளுள் மிகப் பழையதொன்றாகும். கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றங்கரையில் துறைமுகம் அமைத்தல் தகாது, புயல் அலை அதனை அழிக்கும் என்று 1853-ஆம் ஆண்டில் அவர் ஆட்சித் தலைவருக்கு மடல் வரைந்தார். துறைமுகம் அமைக்கப்பட்டது, 1867-ஆம் ஆண்டுப் புயலில் பாழாயிற்று. அதற்கு முன்னரே பிடிங்டன் மறைந்துவிட்டார்.

இந்திய வானிலைத் துறை 1875-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அன்று தொட்டு நெடுங்காலம், தந்தி வழி வந்த அளவுகளைப் படத்தில் குறித்து, சம அழுத்தக் கோடுகளை வரைந்து, பழகிய கண்ணாலும் பட்டறிவாலும் நாளைய வானிலையைக் கணித்து வந்தனர். இன்று நிலவும் காற்றுப் புலத்தைக் காட்ட அப்படம் போதும். நாளைய புலத்தைக் கணிக்கவோ கணக்கு வேண்டும். காற்றும் பொருளே, பொருளின் இயக்கத்துக்குரிய நியூட்டனின் விதிகட்கு அதுவும் அடங்கும். ஆதலின், இன்றைய நிலை முற்றும் தெரிந்தால் நாளைய நிலையைக் கணக்கிட்டே அறியலாம் அன்றோ?

இவ்வினாவுக்கு விடைகாணத் துணிந்தவர் லூயிஸ் பிரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டுப் போர்முனையில் காயமுற்றோரைச் சுமந்து செல்லும் ஊர்தியை ஓட்டும் பணியில் இருந்துகொண்டே, ஓய்வு வேளைகளில் அவர் இக்கணக்கைச் செய்தார். ஐரோப்பாவின் ஒரு பகுதியைச் சதுரங்கப் பலகை போலக் கட்டங்களாகப் பிரித்தார். 1910 மே 20-ஆம் நாள் காலையில் ஒவ்வொரு கட்டத்திலும் இருந்த அழுத்தம், காற்று, வெப்பம், ஈரம் ஆகியவற்றை எண்களாக இட்டார். ஆறு மணி நேரத்துக்குரிய மாற்றத்தைக் கணக்கிட அவருக்கு ஆறு கிழமை ஆயின. ஓரிடத்தில் அழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று விடை வந்தது. உண்மையிலோ அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை. கணக்கு முறை பிழையன்று. தொடக்கத்தில் இட்ட காற்றின் அளவுகள் ஒன்றோடொன்று இசையாதிருந்தமையே பிழைக்கு வித்து. தம் தோல்வியை மறையாமல் 1922-ஆம் ஆண்டில் நூலாகவே வெளியிட்டார் ரிச்சர்ட்சன். காலத்தோடு போட்டியிட்டுக் கணக்கிட 64,000 கணக்கர் ஒரு பெருமண்டபத்தில் அமர வேண்டும் என்றும் அதில் எழுதினார். தோல்வியை அச்சிட்டுத் தந்த அந்நூலே பின்வந்தோர்க்கு வழிகாட்டியாயிற்று. 1950-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், சார்னி முதலிய அறிஞர் மின்னணுக் கணிப்பொறியால் அக்கணக்கை எளிமையாக்கிச் செய்தனர். ஒரு நாளைய வானிலையைக் கணிக்க அப்பொறிக்கும் ஏறத்தாழ ஒரு நாள் பிடித்தது. எனினும், விடை ஓரளவு பொருந்தியது.

இன்று அக்கட்டங்கள் உலகம் முழுவதையும் மூடுகின்றன. அண்மைக்காலம் வரை இந்தியா பயன்படுத்திய உலகளாவிய மாதிரியில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். அக்கணக்கில் தமிழ்நாடு ஏறக்குறைய 900 கட்டங்களுள் அடங்கும். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கி 2025 மே 26-ஆம் நாள் பணிக்கு வந்த பாரத் முன்கணிப்பு முறையில் பக்கம் 6 கிலோமீட்டராகச் சுருங்கிற்று; கட்டங்கள் நான்கு மடங்காயின. ஒவ்வொரு கட்டத்தின் மேலும் அடுக்கடுக்காகப் பல அறைகள் வானளாவ எழுகின்றன. அத்தனை அறைகளையும் எண்களால் நிரப்ப வேண்டும்.

அவ்வெண்கள் எங்ஙனம் கிடைக்கின்றன? சென்னை, காரைக்கால் முதலிய இடங்களினின்று நாள்தோறும் பலூன்கள் பறக்கவிடப்படுகின்றன. உலகெங்கும் ஒரே நேரத்தில், இந்திய நேரப்படி காலை 5.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்கும் உரிய அளவாக அவை கணக்கிற் சேர்கின்றன. பலூன் சாய்ந்து செல்லும் வழியே ஒவ்வோர் உயரத்திலும் உள்ள காற்றைக் காட்டும். வானிலைத் துணைக்கோள்கள் முகில்களை அடுத்தடுத்துப் படம் பிடிக்கின்றன. ஒரு முகில் இடம்பெயர்ந்த தொலைவைக் கொண்டு அங்குள்ள காற்றின் வேகத்தை அறியலாம். 2022 நவம்பர் 26-ஆம் நாள் ஏவப்பெற்ற இ.ஓ.எஸ்.-06 என்னும் துணைக்கோள், கடற்பரப்பை நோக்கி வானொலி அலையைச் செலுத்தி, அது மீளும் வன்மையால் சிற்றலைகளை அளக்கின்றது. காற்றே சிற்றலைகளை எழுப்புவதால், கப்பலே செல்லாத கடற்பகுதியின் காற்றும் கணக்கிற்கு வந்துவிடும்.

ரேடாரின் திறம் தனியே கூறத்தக்கது. நிலையத்தை நோக்கி வரும் புகைவண்டியின் ஊதல் கூர்மையாகவும், கடந்து சென்றபின் தாழ்ந்தும் கேட்பதைப் பலரும் உணர்ந்திருப்பர். இதனை ஆராய்ந்தவர் பெயரால் டாப்ளர் விளைவு என்பர். டாப்ளர் ரேடார் அனுப்பும் அலை மழைத்துளிகளில் பட்டு மீளும்போது, துளிகள் ரேடாரை நோக்கி வருகின்றனவா, விலகிச் செல்கின்றனவா, எவ்வேகத்தில் என்பவற்றைக் கூறிவிடும். ஆயினும் அதற்கும் ஒரு குறை உண்டு. நோக்கி வருதலையும் விலகிச் செல்லுதலையும் அன்றிக் குறுக்கே செல்லும் இயக்கத்தை அஃது அறியாது. சென்னை, காரைக்கால், திருவரிக்கோட்டை ஆகிய இடங்களில் ரேடார்கள் அமைந்தமைக்கு இதுவும் ஒரு பயன். ஒன்றின் கண்ணுக்குக் குறுக்கே செல்வது மற்றொன்றின் கண்ணுக்கு நேரே வருவதாகும்.

இத்தனை கண்கள் இருந்தும் இடைவெளிகள் உள. இடைவெளிகளைக் கணக்கால் நிரப்புவர். அங்கேதான் சிறு பிழை புகும். 1961-ஆம் ஆண்டில் எட்வர்ட் லாரன்சு என்னும் அமெரிக்க அறிஞர், தம் கணிப்பொறியில் 0.506127 என்று இருந்த எண்ணைச் சுருக்கி 0.506 என்று இட்டார். தொடக்கத்தில் விடைகள் ஒத்தே சென்றன. சிறிது காலத்தில் இரண்டும் வேறு வேறு வானிலைகளாயின. இதனாற்றான் இன்று ஒரே கணக்கைத் தொடக்க எண்களைச் சற்றே மாற்றி மாற்றிப் பலமுறை செய்கின்றனர். விடைகள் ஒன்றுபட்டால் துணிந்து கூறுவர். விசிறிபோல் விரிந்தால் ஐயத்தோடு கூறுவர். வானிலை அறிவிப்பில் ‘வாய்ப்பு உளது’ என்று கேட்டு நகைப்பார் பலர். அச்சொல் அறியாமையை மறைக்கும் சொல்லன்று. ஐயத்தின் அளவை உரைக்கும் சொல்.

2024-ஆம் ஆண்டு கார்த்திகையில் வந்த பெஞ்சல் புயல் இவையனைத்துக்கும் சான்றாயிற்று. நவம்பர் இறுதியில் தென்மேற்கு வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் நின்றது. அது புயலாகும் என்று முதலில் கணிக்கப்பட்டது. பின்னர், புயலாகாமலே கரையைக் கடக்கக்கூடும் என்று கருதப்பட்டது. 29-ஆம் நாள் பிற்பகலில் அது புயலாகவே ஆயிற்று. கரை கடக்கும் இடம், காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே புதுவையை ஒட்டி என்று முன்னரே சொல்லப்பட்டிருந்தது, அது பிழைபடவில்லை. 30-ஆம் நாள் இரவு 10.30 மணிக்கும் 11.30 மணிக்கும் இடையே புயல் புதுவை அருகில் கரை கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர், இடையிடையே 90.

இவ்வேகம் பெரிதன்று. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயலின் காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. பண்ணுருட்டிப் பகுதியின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. காற்றின் வன்மை ஒன்றையே நோக்கின் பெஞ்சல் எளிய புயல். ஆயினும், அது நகரவில்லை. கரை கடந்த பின்னரும் பல மணி நேரம் புதுவையை ஒட்டியே ஏறக்குறைய அசையாது நின்றது.

புயல் ஏன் நகரும், ஏன் நிற்கும் என்பதைக் காற்றுப் புலமே உரைக்கும். ஆற்றில் தோன்றும் சுழி தன்னளவில் சுழலும்; ஆனால் அதனைக் கீழ்நோக்கிக் கொண்டு செல்வது ஆற்றின் ஓட்டம். புயலும் அங்ஙனமே. அதன் சுழற்சி அதனுடையது. அதனைச் செலுத்துவது அதனைச் சூழ்ந்தும் அதற்கு மேலும் இயங்கும் பெருங்காற்று. இருபுறத்தும் உயரழுத்தப் பகுதிகள் அமைந்து, ஒன்று மேற்கே தள்ள மற்றொன்று கிழக்கே தள்ளினால், நடுவில் அகப்பட்ட சுழி எப்பக்கமும் செல்லாது நிற்கும். பெஞ்சலுக்கு நேர்ந்தது இதுவே. நிற்கும் புயல், கடலின் ஈரத்தை ஒரே வழியில் இழுத்து ஒரே இடத்தில் கொட்டும். மயிலத்தில் ஒரு நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது; புதுவையில் 45 செ.மீ.க்கு மேற்பட்டது. டிசம்பர் 1-ஆம் நாள் முற்பகலுக்குப் பின் புயல் வலிமை குன்றி, மெல்ல மேற்கே ஊர்ந்தது. விழுப்புரத்தைக் கடந்து திருவண்ணாமலைப் பக்கம் வந்தது. காற்று ஓய்ந்துவிட்டது என்று மக்கள் கருதிய அவ்வேளையில்தான், உள்நாட்டுக் குன்றுகளில் மோதி எழுந்த ஈரக்காற்று மழையாய் இறங்கிற்று. சவ்வாது மலைக்கு அப்பால் உள்ள ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 செ.மீ. பதிவாயிற்று. அவ்வட்டாரம் ஓர் ஆண்டு முழுவதும் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி அது.

50 செ.மீ. மழை என்பதன் பொருளைச் சிறு கணக்கால் அறியலாம். ஒரு சென்ட் நிலம் ஏறக்குறைய 40 சதுர மீட்டர். அதன்மேல் அரை மீட்டர் உயரம் நீர் நின்றால் 20,000 லிட்டர். குடத்துக்கு 15 லிட்டர் என்று கொண்டால், 1,300 குடங்களுக்கு மேல் ஆகும். அதன் எடை 20 டன். ஒரு சிறு வீட்டுமனையின் பங்கே இவ்வளவாயின், மலைச்சாரலின் பங்கு எவ்வளவு என்பதை மாணவர் தாமே கணக்கிட்டுக் காண்க. தென்பெண்ணையின் குறுக்கே அமைந்த சாத்தனூர் அணைக்கு வந்த வெள்ளம் தேக்கிவைக்கும் அளவைக் கடந்தது. டிசம்பர் 2-ஆம் நாள் விடியுமுன் வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. கீழேயுள்ள விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றங்கரை ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின.

அதற்கு முந்திய மாலை, திருவண்ணாமலையில் வேறொரு கேடு விளைந்தது. அண்ணாமலையின் அடிவாரச் சரிவில் வ.உ.சி. நகர் என்னும் குடியிருப்பு உளது. சரிவின் மண் இரவும் பகலும் பெய்த மழையைக் குடித்துக் குடித்து நிறைந்தது. காய்ந்த மண்ணில் துகளும் துகளும் ஒன்றையொன்று பற்றி நிற்கும். இடைவெளிகளில் நீர் நிறைந்துவிடின் அப்பற்றுத் தளரும். மண்ணின் எடையோ கூடும். டிசம்பர் 1-ஆம் நாள் மாலை, மண்ணும் பாறைகளும் சரிந்து வீடுகளின்மேல் விழுந்தன. ஒரு வீட்டினுள் இருந்த எழுவர் புதையுண்டனர். அவர்களுள் ஐவர் சிறுவர் சிறுமியர். மழை விடாத நிலையிலும், மேலிருந்து மீண்டும் பாறை உருளுமோ என்னும் அச்சத்தினிடையிலும், தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் தீயணைப்புத் துறையினரும் கையாலும் கருவியாலும் மண்ணை அகற்றினர். ஒருவரையேனும் உயிரோடு மீட்க இயலவில்லை.

இங்கே ஒரு வினா எழும். கடலில் பிறந்த காற்றைத் துணைக்கோள் கண்டது, ரேடார் கண்டது, கணிப்பொறி கரை கடக்கும் இடத்தைச் சொல்லிற்று. அவ்வெழுவர் இருந்த தெருவுக்கு வரும் இடரை அக்கணக்கு ஏன் சொல்லவில்லை? விடை கட்டத்தின் அளவில் உளது. மலையைச் சுற்றும் பாதை 14 கிலோமீட்டராயின், மலையின் குறுக்களவு நாலரைக் கிலோமீட்டர் அளவே ஆகும். பக்கம் 12 கிலோமீட்டர் உள்ள ஒரு கட்டத்துள் அண்ணாமலை முழுவதும், திருக்கோயிலும், நகரமும், வேங்கிக்கால் ஏரியும் அடங்கிவிடும். கட்டத்துக்கு ஓர் உயரம்தான் உண்டு. அது மலையின் உயரமும் அன்று, சமவெளியின் உயரமும் அன்று, இரண்டின் சராசரி. உலகெங்கும் போற்றப்படும் மலை, கணக்கினுள் ஒரு சிறு மேடாகவே நிற்கும். கிழக்குச் சாரலில் காற்று மோதி எழுவதும், மேற்குச் சாரலில் இறங்கித் தளர்வதும் அதில் தோன்றா. கட்டத்தின் பக்கம் 6 கிலோமீட்டரானபோதும், மலை ஒரு கட்டத்துள்ளேயே பெரும்பாலும் மறையும். இவற்றைக் காணக் கட்டத்தின் பக்கம் ஒரு கிலோமீட்டரும் அதனினும் சிறிதுமாக வேண்டும். பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். கணக்கிடும் இடைநேரத்தையும் பாதியாக்க வேண்டுமாதலின் உழைப்பு எட்டு மடங்காகும். அடுக்குகளையும் மிகுத்தால் இன்னும் ஏறும். ஆகவே, ஒரு மாவட்டத்துக்கோ நகரத்துக்கோ உரிய சிறு பரப்பைமட்டும் நுண்ணிய கட்டங்களாக்கி, பெருங்கட்டத்தின் விடையை அதன் எல்லையில் ஊட்டிக் கணக்கிடும் முறையை அறிஞர் கையாளுகின்றனர்.

அங்ஙனம் செய்தாலும், காற்றுக் கணக்கு மழையோடு நின்றுவிடும். சரிவு எத்துணைச் செங்குத்து, மண் எத்துணை ஆழம், பாறையின் அடியில் நீர் புகும் வெடிப்பு உளதா, மேலிருந்து வரும் நீர் செல்லும் பழைய ஓடையின்மேல் வீடு எழுந்துள்ளதா என்பன நிலத்தைச் சார்ந்த வினாக்கள். அவற்றை மலையின்மேல் ஏறிக் கண்டு குறித்தாலன்றி எந்தக் கணிப்பொறியும் அறியாது. மழைமானியின் எண்ணும் சரிவின் படமும் ஒருங்கே மேசைமேல் இருந்தால்தான், ‘இத்தனை செ.மீ. பெய்தால் இன்ன தெருவினர் வெளியேறுக’ என்று ஒருவர் சொல்ல முடியும்.

அவ்வாண்டுக் கார்த்திகைத் தீபத் திருநாள் டிசம்பர் 13-இல் வந்தது. மண் சரிந்து இரு கிழமைகூட ஆகவில்லை. நிலவியல் வல்லுநர் மலைமேல் சென்று, மண்ணின் ஈரத்தையும் பாறைகளின் நிலையையும் ஆராய்ந்தனர். ஆண்டுதோறும் அடியார் பலர் மலையேறித் தீபத்தைக் கண்டு வணங்குவது வழக்கம். அவ்வாண்டு அவர்க்கு இசைவு தரப்படவில்லை. கொப்பரையும் நெய்யும் திரியும் கொண்டு செல்லுதற்கு இன்றியமையாத பணியாளரே மேலேறினர். மாலையில் மலைமுடியில் தீபம் ஏற்றப்பட்டது.